பெயர் வெளியிட விரும்பாத சகோதரரின் கடிகாரம்

திருத்தணி வட்டம் கே.ஜி.கண்டிகையிலும் அதன் சுற்றுவட்டாரங்களிலும் வசிக்கும் சகலமான பேருக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது யாதெனில்: ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் திரு. ஜெபதாஸ் அவர்கள், தமக்கு மாமனார் வழியில் பாத்தியப்பட்ட, பழமை வாய்ந்த, சுவிட்சர்லாந்து தேசத்துக் கைக்கடிகாரத்தை, அறுப்பின் பண்டிகை ஏலத்துக்காக ஆலயத்தில் மனமுவந்து காணிக்கை செலுத்தத் தீர்மானித்துவிட்டார்.

இப்படி யாரும் தண்டோரா போடவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளைச் சட்டைக்குக் கண்ணாடி முன் நின்று பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது ஜெபதாஸின் மனத்துக்குள் இப்படித்தான் முழங்கியது. வாழ்நாளெல்லாம் தாலுகா ஆபீசில் கழித்தவருக்குத் தனக்குத்தானே பேசிக்கொள்வதென்றாலும் அந்தத் தமிழ்தான் வரும். காபியில் சர்க்கரை குறைந்தால்கூட, மேற்படி விஷயத்தில் உரிய கவனம் தேவை என்று மனைவி யூனிஸுக்கு வாய்மொழி ஆணை பிறப்பிப்பார். யூனிஸ் அதைக் கிடப்பில் போட்டுவிடுவாள்.

மனத்துக்குள் முழங்கிய அறிவிப்பில் ஒரே ஒரு விவரம் விட்டுப்போயிருந்தது. கொடுத்த கடிகாரத்தை அன்று மத்தியானத்துக்குள் தானே ஏலத்தில் எடுத்து, கையில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவது என்றும் அவர் தீர்மானித்திருந்தார்.

இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. அறுப்பின் பண்டிகை என்றால் வருடத்துக்கு ஒரு முறை சபையார் தங்கள் விளைச்சலில் ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம் நடக்கும். பணம் ஆலயத்துக்கு. கரும்புக் கட்டு, நெல் மூட்டை, நாட்டுக்கோழி, வீட்டில் சுட்ட கேக் என்று எது வேண்டுமானாலும் வரும்; எதன் விலைக்கும் அதன் மதிப்புக்கும் சம்பந்தம் இருக்காது. கொடுத்தவரே தன் பொருளைத் திரும்ப எடுப்பதும் உண்டு. அப்படி அவர் கேட்க ஆரம்பித்தால் மற்றவர்கள் மரியாதைக்கு இரண்டு தடவை ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போவது பந்தியில் பக்கத்து இலையில் கை வைக்கிற மாதிரி. யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் எழுதி வைத்த பல சட்டங்களைவிட ஒழுங்காக அமலில் இருக்கிறது.

போன வருடம் செங்கல் சூளை முதலாளி ஒருவர் தன் வீட்டுக் கிடாவைக் காணிக்கையாகக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவரே அதைத் திரும்ப எடுத்தார். மறுபடியும் கைதட்டினார்கள். ஆக, ஒரே கிடாவுக்கு இரண்டு கைதட்டல். சாயங்காலம் கிடா பழையபடி அவர் கொட்டகையிலேயே தழை தின்றுகொண்டிருந்தது. ஜெபதாஸ் ஒரு வருடமாக இதை யோசித்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் கிடா இல்லை. கடிகாரம்தான் இருந்தது.

யூனிஸின் அப்பா தேவவரம், மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். கல்யாணத்தன்று ஆலய வாசலிலேயே தன் கையிலிருந்து கழற்றி மாப்பிள்ளையின் கையில் கட்டிவிட்டார். "தெனம் காலைல சாவி குடுங்க மாப்ள, மறந்தா நின்னுடும்" என்பதுதான் அவர் செய்த மொத்தப் பிரசங்கம். அந்தச் சுருக்கத்தை ஜெபதாஸ் பின்னாளில் ஈடுகட்டினார். அந்தக் கடிகாரம் மாமனாருக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், கேட்காவிட்டாலும், சொல்வார். ஆரம்பத்தில் ஒரு வெள்ளைக்கார நர்ஸ் அம்மா ஊருக்குத் திரும்பும்போது கொடுத்ததாக இருந்தது. ஜெபதாஸ் இளநிலை உதவியாளரிலிருந்து உதவியாளரானபோது அது லேடி டாக்டர் கொடுத்ததாயிற்று. வருவாய் ஆய்வாளரானபோது பிஷப். ஓய்வு பெறுகிற சமயத்தில் கவர்னர். இன்னும் ஒரு பதவி உயர்வு கிடைத்திருந்தால் கடல் தாண்டி ஏதாவது அரண்மனைக்குப் போயிருக்கும்.

எனவே இந்தச் சபையில் அந்தக் கடிகாரத்தைத் தெரியாத ஆளே இருக்க முடியாது என்று அவர் நம்பியதில் நியாயம் இருந்தது. அந்த நம்பிக்கையின் பேரில் இன்னும் ஒரு படி மேலே போனார். செங்கல் சூளைக்காரர் பெயரைச் சொல்லிக் கொடுத்தார். நாம் பெயர் சொல்லாமல் கொடுப்போம். கடிகாரத்தைப் பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கொடையும் ஆச்சு, அடக்கமும் ஆச்சு.

ஏலம் விடுகிறவர் காலேப். திருத்தணிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மைக் இல்லாமலே அடுத்த ஸ்டாப்பில் நிற்பவர்களைக் கூப்பிடும் குரல். ஆராதனைக்கு முன்பே ஜெபதாஸ் அவரைப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், கடிகாரத்தைக் கொடுத்து, யார் கொடுத்தது என்று மூச்சு விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பெயர் வெளியிட விரும்பாத ஒரு சகோதரர், அவ்வளவுதான். காலேப் தலையாட்டினார். காலேப்பிடம் சொன்ன ரகசியம் எதுவும் ஆட்டோ ரயில்வே கேட்டைத் தாண்டும் வரைகூடத் தங்கியதில்லை என்பது ஜெபதாஸுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

யூனிஸ் விடியற்காலையிலேயே பிரியாணி வேலைக்காக ஆலயத்தின் பின்புறம் சமையல் கொட்டகைக்குப் போய்விட்டாள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மனிதர்கள் திருந்துவதற்கு நேரங்காலம் பார்ப்பதில்லை. அன்றைய பிரசங்கம் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவது பற்றி. காலேப் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பிரசங்கத்தை முழுசாகக் கேட்டுவிட்டார்.

"அடுத்த ஐட்டம்" என்றார் பந்தலில், கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி. "பழைய வாட்ச். சாவி குடுக்கற டைப்பு." காதோரம் வைத்துப் பார்த்தார். "ஓடிக்கினு கீது. குடுத்தவரு பேர சொல்ல வேணான்ட்டாரு."

ஜெபதாஸ் கண்களைத் தாழ்த்திக்கொண்டு, தன் பக்கம் திரும்பப்போகும் முகங்களுக்காகக் காத்திருந்தார். ஒரு முகமும் திரும்பவில்லை. இத்தனை வருடமாக அவர் கடிகாரத்தைக் காட்டிக் கதை சொன்னபோதெல்லாம், கேட்டவர்கள் எப்போது முடியும் என்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே ஒழிய, கையை யாரும் பார்த்திருக்கவில்லை.

சனங்கள் அக்கம்பக்கம் தேடினார்கள். கடைசியில் எல்லோருடைய பார்வையும் ஆயரின் இடது கையில் போய் நின்றது. அது வெறுங்கையாக இருந்தது. பட்டை அறுந்துபோனதால் அவர் தன் வாட்சை அன்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். முன் வரிசையில் ஒரு அம்மா, ஐயாவோடதா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பந்தல் முழுக்கக் கைதட்டல். ஆயர் பதறி எழுந்து, இது என்னுடையது இல்லை என்றார். ஆஹா, என்ன தாழ்மை என்று அதைவிடப் பலமான கைதட்டல். ஜெபதாஸ் ஒரு வருடமாகக் காத்திருந்த இரண்டு கைதட்டலும் அடுத்தடுத்து வந்து, முகவரி மாறிப் போய்ச் சேர்ந்தன.

சரி, ஏலத்திலாவது எடுத்துவிடலாம் என்று ஆயிரம் என்று குரல் கொடுத்தார்.

"ரெண்டாயிரம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி ராஜவேலு. முருக பக்தர். ஒரு தடவை அவருடைய கரும்பு டிராக்டர் ஆலயத்து வாசலில் அச்சு முறிந்து நின்றபோது ஆயர் ராத்திரி தங்க இடம் கொடுத்தார். அன்றிலிருந்து வருடா வருடம் பண்டிகைக்கு வந்து ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போவார். ஆயரே கையிலிருந்து கழற்றிச் சாமிக்குக் கொடுத்த வாட்ச் என்றால் அவர் விடுவாரா?

ஜெபதாஸ் ஏற்றினார். ராஜவேலு ஏற்றினார். மரியாதைக்கு இரண்டு தடவை என்ற எல்லையைத் தாண்டி ஏலம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கொடுத்தவர் இவர் என்று தெரிந்தால்தானே சட்டம் செல்லும்? பெண்கள் பக்கமிருந்து ஒரு கிசுகிசுப்பு தெளிவாகவே கேட்டது.

"ஆயரு வாட்சு மேல சாருக்கு இன்னா இம்மாம் ஆச?"

ஜெபதாஸின் வாய் நின்றுவிட்டது. அப்போதுகூட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், பெயர் வெளியிட விரும்பாத சகோதரர் பெயரை வெளியிட்டவராகவும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவராகவும் ஒரே மூச்சில் ஆகிவிடுவார். அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். காலேப் மூன்று தரம் சொல்லி முடித்தார். ராஜவேலு கடிகாரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துண்டில் முடிந்தார்.

வீட்டில் யூனிஸ் பட்டையும் கிராம்பும் மணக்க வந்து, சேலைத் தலைப்பால் முகம் துடைத்தபடி, வாட்ச் எங்கே என்று கேட்டாள். திருத்தணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் சர்வீசுக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையிலா என்றாள். அவசர சர்வீஸ் என்றார். அவள் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

மறுநாள் காலையில் பல் துலக்கிவிட்டு வந்ததும் அவருடைய வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போய், அங்கே இல்லாத ஒரு சின்னக் குமிழைத் தேடித் திருகியது. வெயில் படாமல் வெளுத்திருந்த வளையம் மட்டும் இருந்தது. அடுத்த நாளும் கை அதையே செய்தது. அதற்கு அடுத்த நாளும். ஓய்வு பெற்றதை ஒரு வாரத்தில் ஒப்புக்கொண்ட உடம்பு, இதை ஒப்புக்கொள்ள மறுத்தது.

இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. மாமனார் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பேச்சு நின்றுபோன பிறகு, ஜெபதாஸின் இடது கையைப் பிடித்துத் தன் முகத்தருகே இழுத்து வைத்துக்கொள்வார். மருமகன் மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று ஜெபதாஸ் ஊரெல்லாம் சொன்னார். உண்மையில் கிழவர் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் நாடியைத் தானே எண்ணிக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் அல்லவா. அந்த உண்மை ஜெபதாஸுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கையை இழுத்துக்கொள்ளாமல், அது மரத்துப்போகும் வரை அப்படியே வைத்திருந்தார். அவர் வாழ்க்கையில் யாருக்கும் சொல்லிக்கொள்ளாத ஒரே நல்ல காரியம் அதுதான். அதைப் பார்த்திருந்த கடிகாரத்தைத்தான் இரண்டு கைதட்டலுக்கு விற்றுவிட்டார்.

வாரக் கடைசியில் பழப் பையோடு திருவாலங்காட்டுக்குப் பஸ் ஏறினார். கரும்புத் தோட்டத்தை ஒட்டிய வீடு. ராஜவேலு கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் மனைவி தமயந்தி மோர் கொண்டுவந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் ஜெபதாஸ் வாயைத் திறந்தார். வந்தது அரசாணைத் தமிழ். மேற்படி கடிகாரம் கவர்னரால் வழங்கப்பட்டது, வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது, சபையின் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்பட வேண்டியது, எனவே உரிய தொகையைப் பெற்றுக்கொண்டு திருப்பி ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

ராஜவேலு பொறுமையாகக் கேட்டார்.

"சார், கோயில் ஏலத்துல எடுத்தத காசுக்குத் தள்ளிவுட்டா குடும்பத்துக்கு ஆவாது. உங்க சாமின்னா இன்னா, எங்க சாமின்னா இன்னா, அத்து சாமி பொருளு. ஆயரு ஐயா வந்து கேட்டாருன்னா, இப்பவே அவர் காலடில வச்சுடறேன். காசு கீசு பேசாதீங்க."

கடிகாரம் எங்கே இருக்கிறது என்று ஜெபதாஸ் கேட்டார். பூஜை அறையில், முருகன் படத்துக்கு முன்னால், வெற்றிலை மேல் இருந்தது. பின் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். தினமும் குளித்துவிட்டு வந்து ராஜவேலுவே சாவி கொடுக்கிறாராம்.

"டிக் டிக்னு கேட்டுக்கினே கீது" என்றாள் தமயந்தி. "வெளக்கேத்தி நின்னா, இந்தம்மா எப்ப கெளம்புவான்னு சாமி மணி பாத்துக்கினு கீற மாரி தோணுது."

பழப் பையை அங்கேயே வைத்துவிட்டு ஜெபதாஸ் திரும்பினார். ஆயரைக் கூட்டி வந்தால் கிடைக்கும். ஆயரைக் கூட்டி வர வேண்டுமென்றால் ஆயரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆயரிடம் சொல்வதற்கு முன்னால் வீட்டில் சொல்ல வேண்டும். எந்தக் கோப்பாக இருந்தாலும் அது உரிய வழியாகத்தான் போயாக வேண்டும் என்று மற்றவர்களை அலையவிட்டவர், இப்போது தானே அலைந்தார்.

யூனிஸ் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்றபடியே சொன்னார். முன்னுரை இல்லாமல், பார்வை எண் இல்லாமல், கிடா முதல் குங்குமம் வரை சொன்னார். சொல்லி முடித்ததும், கல்யாணமாகி இத்தனை காலத்தில் தான் இவ்வளவு சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசியதே இல்லை என்று அவருக்கே தோன்றியது.

யூனிஸ் கத்தியை வைத்தாள்.

"வாட்ச் ஏலம் போச்சுன்னு பிரியாணி எறக்கறப்பவே சொன்னாங்க. பந்தியில உங்க இலைக்கு சோறு போட்டது நாந்தான். உங்க கைய பாக்கமாட்டனா?"

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள், நறுக்கவில்லை.

"அத்து எனக்கு வர வேண்டிய வாட்சுங்க. அப்பா ஆஸ்பத்திரிலருந்து வந்ததும் மொதல்ல என் கையத்தான் புடிப்பாரு. முள்ள பாத்துக்கினே நாடி எண்ணிட்டு, இன்னிக்கு மரம் ஏறினியா, சண்ட போட்டியான்னு கண்டுபுடிச்சு சொல்வாரு. கல்யாணத்தன்னிக்கு அத்த கழட்டி உங்க கையில கட்டினப்ப நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். என்னை யாரும் கேக்கல."

ஆக்கிரமிப்பு என்றால் என்னவென்று ஜெபதாஸ் எத்தனையோ பேருக்கு நோட்டீஸ் மூலம் விளக்கியிருக்கிறார். பட்டா என்று நம்பித் தான் இத்தனை காலம் அனுபவித்து வந்தது அடுத்தவர் நிலம் என்று ஒரு துணை வட்டாட்சியருக்கே தெரியவந்தால் எப்படி இருக்கும்? அப்படி நின்றார். பிறகு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பீன்ஸை நறுக்க ஆரம்பித்தார். படுமோசமாக நறுக்கினார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேருமாக முதலில் ஆயரைப் பார்த்தார்கள். ஆயர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்பாடா என்றார். அவர் கொடுக்காத வாட்சுக்காக ஊரார் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். மறுக்க மறுக்க மரியாதை ஏறிக்கொண்டே போனதாம். அன்று அவருக்கு ஒரு கல்யாணம் நடத்தி வைக்க வேண்டியிருந்தது. நீங்களே போய் உள்ளதைச் சொல்லுங்கள், அது போதும் என்று ஜெபித்து அனுப்பினார்.

திருவாலங்காட்டில் யூனிஸ்தான் பேசினாள். ஜெபதாஸ் தொண்டையைச் செருமியபோது அவர் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள். ராஜவேலு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார்.

"அப்ப, ஆயரு வாட்சு இல்லியா இது?"

"இல்லண்ணா. எங்கப்பாது."

"சார் சொன்னாரே, வரலாறுன்னு. கவர்னரு ஏதோ குடுத்தாராமே."

"எங்கப்பா அரக்கோணத்துல ஒரு கடையில செகண்ட் ஹாண்ட்ல வாங்கினாரு. பண்டிகைக்குத் துணி எடுக்காம சேத்து வச்சு வாங்கினாரு."

ஜெபதாஸ் கரும்புத் தோட்டத்தைப் பார்த்தார். கரும்பு நன்றாக வந்திருந்தது.

ராஜவேலு உள்ளே போய் வெற்றிலையோடு கடிகாரத்தை எடுத்து வந்து யூனிஸின் கையில் வைத்தார். அவள் அதைக் காதோரம் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். தமயந்தி மோர்ச் சொம்போடு நடையிலேயே நின்றுவிட்டாள்.

"தா பாரு தங்கச்சி" என்றார் ராஜவேலு. "இத்த நான் விக்கவும் முடியாது, சும்மா தூக்கிக் குடுக்கவும் முடியாது. சாமிகிட்டருந்து எடுத்தது. திரும்ப சாமிகிட்டதான் போவணும். வர்ற வருசம் உங்க பண்டிகைக்கு நானே கொண்டாந்து வைக்கறேன். நீ ஏலத்துல எடுத்துக்க. ஒருத்தன் உன்மேல ஏத்தமாட்டான், நான் பாத்துக்கறேன். அது வரைக்கும் தெனம் சாவி குடுத்து வச்சிருப்பேன். உனுக்குப் பாக்கணும்னு தோணுச்சுன்னா வா. இன்னா பாவா, செரிதானே?"

கடைசிக் கேள்வி ஜெபதாஸுக்கு. யூனிஸ் தங்கச்சியாகிவிட்ட காரணத்தால், அதுவரை சாராக இருந்தவர் எந்த முன்னறிவிப்புமின்றி மைத்துனர் முறையில் பாவாவாகிவிட்டார். பதவி உயர்வா இறக்கமா என்று அவரால் உடனே தீர்மானிக்க முடியவில்லை. சரி என்று தலையாட்டினார்.

அந்த வருடம் இப்படித்தான் போயிற்று. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறுவார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர இருவரும் சேர்ந்து எங்கேயாவது பஸ்ஸில் போனதாக இருவருக்குமே ஞாபகமில்லை. ஜன்னலோரம் யூனிஸுக்கு. முதல் மாதம் ஜெபதாஸ் வழி நெடுக எந்தக் கிராமத்தில் எந்த வழக்கைத் தான் தீர்த்து வைத்தார் என்று விளக்கிக்கொண்டு வந்தார். நாலாவது மாதம் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்தார். அவளுக்கும் சொல்வதற்கு நிறைய இருந்தது. போய்ச் சேர்ந்ததும் ராஜவேலு அன்றைய சாவியை அவளுக்காக விட்டு வைத்திருப்பார். அவள் திருகுவாள். பிறகு தமயந்தியும் அவளும் உள்ளே போய்விடுவார்கள். பாவாவும் மச்சானும் கட்டிலில் உட்கார்ந்து ஆலை எப்போது கரும்பு வெட்ட உத்தரவு கொடுக்கும் என்று கவலைப்படுவார்கள். ஒரு தடவை ராஜவேலுவின் நிலத்து உட்பிரிவு விவகாரத்துக்கு ஜெபதாஸ் நாலே வரியில் மனு எழுதிக் கொடுத்தார். அது முதல் தடவையிலேயே வேலை செய்துவிட்டது. மனுவைச் சுருக்கமாகவும் எழுதலாம் என்பது அவருக்குப் புதுத் தகவல்.

இதற்குள் ஊருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியதில் களைத்துப்போயிருந்த காலேப், ஆயரே உண்மையைச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டதும், ஆட்டோவில் ஏறுகிற இறங்குகிற அத்தனை பேருக்கும் வட்டியோடு சொல்லித் தீர்த்தார். முதலில் சிரித்தார்கள். பிறகு யூனிஸின் பங்கும் சேர்ந்து பரவியபோது சிரிப்பைக் குறைத்துக்கொண்டார்கள்.

பண்டிகை வந்தது. ஜெபதாஸ் அன்று காலை வெள்ளைச் சட்டையின் பையில் ஒரு கத்தைப் பணத்தையும் இன்னொரு பையில் ஒரு உரையையும் வைத்துக்கொண்டார். பணம் ராஜவேலு போன வருடம் கொடுத்ததைவிட அதிகம். எங்கே இருந்து எடுத்தார் என்று யூனிஸ் கேட்கவில்லை. திட்டம் இதுதான்: கடிகாரம் வந்ததும் எழுந்து நிற்பது, சபைக்கு முன் தன் தவற்றைத் தானே எடுத்துச் சொல்வது, யாரும் கேட்டிராத ஒரு தொகையைக் கேட்டு வாங்குவது, பிறகு பெண்கள் பக்கம் நடந்துபோய் எல்லோர் முன்னிலையிலும் மனைவியின் கையில் கட்டுவது. நோக்கம் நல்ல நோக்கம்தான். திருந்துவதையும் கொஞ்சம் விமரிசையாகத் திருந்தினால் என்ன என்பதுதான் அவர் நிலைப்பாடு.

ராஜவேலு தம்பதி சமேதராக வந்து கடிகாரத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். குங்குமத்தைத் துடைத்திருந்தார்கள், சந்தன வாசனை மட்டும் போகவில்லை. ஆயர் முகர்ந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார்.

காலேப் தூக்கிக் காட்டினார். "அடுத்தது, வாட்ச்." வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. இந்த வருடம் எல்லா முகமும் ஜெபதாஸின் பக்கம் திரும்பியது.

அவர் எழுந்தார். காகிதத்தைப் பிரித்தார்.

"அன்பான சபையோர்க்கு, மேற்படி கடிகாரம் குறித்து, கடந்த ஆண்டு இதே பந்தலில் நடைபெற்ற நிகழ்வுகளின் தொடர்ச்சியாக, அடியேன் தாழ்மையுடன் சமர்ப்பிக்க விரும்புவது..."

"நூறு" என்றது ஒரு குரல்.

பந்தலின் ஓரத்தில் யூனிஸ் நின்றுகொண்டிருந்தாள். சமையல் கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவையை இடுப்பில் செருகியிருந்தாள், கை முழுக்க மசாலா.

மரியாதைக்கு ஏற்ற வேண்டிய அந்த இரண்டு தடவையைக்கூட யாரும் ஏற்றவில்லை. செங்கல் சூளைக்காரர் வாய் திறக்கப் போனார். பக்கத்திலிருந்த அவர் மனைவி தொடையில் தட்டினாள். பின் வரிசையில் ராஜவேலு கையைக் கட்டிக்கொண்டு, எவனாவது ஏற்றுகிறானா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயர் வானத்தைப் பார்த்தார். காலேப் மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

ஜெபதாஸ் காகிதத்தைப் பார்த்தார். இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், தான் சிரித்துக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது.

யூனிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடிகாரத்தை வாங்கினாள். பட்டை பெரிதாக இருந்தது. முழங்கைப் பக்கமாகத் தள்ளி இறுக்கிக்கொண்டாள். மணி பார்த்தாள். தம் போட்ட பிரியாணியை இறக்க நேரமாகிவிட்டது என்று கொட்டகைக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்து ஏலத்துக்கு வந்த முருங்கைக்கீரைக் கட்டு நூற்றெண்பது ரூபாய்க்குப் போயிற்று.